முறுக்கு நேரத்துப் படம்

பூலாம்பாடியில் பெரியப்பா நடத்திய டூரிங் டாக்கீஸை மூடிய பிறகு, மிஞ்சிய பிலிம் பெட்டிகள் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. நான் ஆறாவது படிக்கும்போது, பழைய படங்கள் சேகரிக்கிறவர் என்று சொல்லிக்கொண்டு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார்.

பெரியப்பா உற்சாகமாகப் பெரிய நடிகர்களின் படங்களை எடுத்துப் போட்டார். வந்தவர் அவற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மெயின் படத்துக்கு முன்னால், ஜனங்கள் முறுக்கு வாங்கி உட்காரும்வரை ஒரு பாட்டுப் படம் ஓட்டுவார்களே, அது இருக்கிறதா என்றார். கதை கிடையாது, பேர் தெரியாத ஒரு பெண் ஆடுவாள், அவ்வளவுதான். பாட்டை இசைத்தட்டில் கேட்டிருக்கிறாராம், ஆட்டத்தைப் பார்த்தவர் யாரையும் அவர் சந்தித்ததில்லையாம். ஓசியில் கொடுத்த ஹீரோக்களை வேண்டாம் என்கிறவனை எப்படி நம்புவது? போதாததற்கு, அவள் ஆடுவது ஒரு கோயில் மண்டபத்தில் என்று எங்கோ படித்ததாகச் சொல்லி, சரிதானே என்று வேறு கேட்டுவிட்டார்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் சிலைகள் காணாமல்போய், கோயிலைப் பற்றி விசாரிக்கிற வெளியூர்க்காரர்களை எல்லோரும் முறைத்துப் பார்த்த காலம் அது. பெரியம்மா கீழப்பழுவூர்க்காரி. பெரியப்பாவை அடுப்படிக்குக் கூப்பிட்டுச் சொன்னாள்: “செலை எங்க இருக்குன்னு படத்தப் பாத்து வெவரம் எடுப்பானுங்க. நம்ம வூட்லேர்ந்தே காட்டிக் குடுக்கணுமா?”

மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டு, நாங்கள் மூவரும் பரணில் தேடி அந்தப் பாட்டுப் படத்தை எடுத்து, வாசலில் பிலிமை உருவி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தோம். ஆடுகிறவளுக்குப் பின்னால், தூண் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, தங்கள் ஊர் அம்மனேதான் என்றாள். பெரியப்பா தீக்குச்சியைக் கிழித்தார். பழைய பிலிம், குப்பென்று பற்றிக்கொண்டது. சாமியைக் காப்பாற்றிவிட்டோம் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்டு சென்னைக்காரர் சண்டை போடவில்லை. வாசலிலேயே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நீங்க பாத்தீங்கல்ல, எப்படி ஆடுனாங்க?”

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா என்னைப் பார்த்தாள். அம்மன் இருந்த இடத்தைத்தான் துருவுகிறார் என்று நினைத்து நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். உண்மையில், ஆடியவளை நாங்கள் யாருமே பார்த்திருக்கவில்லை; டாக்கீஸில் அது ஓடும்போதெல்லாம் பெரியப்பா வெளியே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த ஆட்டம் இனி எங்கள் மூன்று பேர் கண்களில்தான் மிஞ்சியிருக்க முடியும் என்று நம்பி அவர் கேட்டதும், அங்கேயும் அது இல்லை என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை.