தோஹாவில் ஒரு மடி, மனாமாவில் ஒரு காது

காலையில் பால் வாங்கப் போகும்போது, மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பு வாசலில் நிற்கும் காய்கறி வண்டிக்காரர் தவறாமல் கேட்பார்: "அங்கிள்ஜி, துபாய் மே சப் டீக்?" துபாயில் எல்லோரும் நலமா என்று. துபாயில் எனக்கு யாருமில்லை. மகன் முருகேசன் கத்தாரின் தோஹாவில் இருக்கிறான். மகள் செல்வி பஹ்ரைனின் மனாமாவில். பலமுறை விளக்கியாயிற்று. "அச்சா, அச்சா" என்று தலையாட்டிவிட்டு மறுநாளும் துபாயையே விசாரிப்பார். தில்லிக்கு வந்து நாற்பத்தொரு ஆண்டுகள். திருநெல்வேலிக்காரனை இன்னும் மதராசி என்கிறார்கள். தெற்கே ஐந்து மாநிலங்கள் உண்டு என்று சொல்லி அலுத்தவனுக்கு, வளைகுடாவில் ஆறு நாடுகள் உண்டு என்று சொல்வது இரண்டாவது வேலையாகிவிட்டது.

கோப்புகளோடு காலம் கழித்தவன் நான். எதையும் எண்ணாமல் விடுவதில்லை. அரபு நாடுகளின் கூட்டமைப்பில் இருபத்திரண்டு உறுப்பினர்கள். அவற்றில் எட்டில் பரம்பரை ஆட்சி. அந்த எட்டில் வளைகுடாவின் ஆறு மட்டும் தமக்கென ஒரு மன்றம் வைத்திருக்கின்றன. இரண்டு மன்னர்கள், இரண்டு அமீர்கள், ஒரு சுல்தான், ஏழு சிற்றரசுகள் சேர்ந்து வைத்துக்கொண்ட ஒரு தலைவர். பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனபோது என் மனைவி பகவதியை இந்தக் கணக்கைச் சொல்லித்தான் தேற்றினேன். ஒரே மொழி, ஒரே மன்றம், முக்கால் மணி நேர விமானம். ஒருத்தர் பாளையங்கோட்டையிலும் இன்னொருத்தர் சங்கரன்கோவிலிலும் இருப்பது மாதிரிதான் என்றேன். நம்பினாள்.

செல்வியின் மகளுக்கு ஒரு வயதானதும் காது குத்த நாள் பார்த்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது எங்கள் வழக்கம். முருகேசனுக்கு இந்தியா வர விடுப்பு இல்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை மனாமா போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நாங்கள் இருவரும் டிக்கெட் எடுத்தோம். பகவதி கரோல்பாகில் பொட்டுக் கம்மல் வாங்கினாள். அந்த ஜூன் மாதத்தில்தான் சவுதியும் எமிரேட்ஸும் பஹ்ரைனும், கூடவே எகிப்தும், கத்தாரோடு உறவை முறித்துக்கொண்டன. ஆறில் மூன்று ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம், இரண்டு நடுவில். விமானங்கள் நின்றன. வேறு ஊர் சுற்றிப் போகலாம் என்றால், கத்தாரில் குடியிருப்பவன் போய்த் திரும்பி வருவதில் சிக்கல் வரும் என்று முருகேசனின் கம்பெனி மறுத்துவிட்டது.

டிக்கெட்டை ரத்து செய்தேன். டிசம்பரில் அந்த மன்றத்தின் மாநாடு கூடும், அதில் தீர்ந்துவிடும் என்று பகவதியிடம் சொன்னேன். மாநாடு கூடியது. ஆறு நாற்காலிகளுக்கு வந்த ஆட்சியாளர்கள் இரண்டே பேர். அவளுக்கு அப்போது சிறுநீரகம் கெட்டு வாரம் இருமுறை டயாலிசிஸ். படுத்தபடியே கேட்பாள்.

"இன்னைக்காவது பேசிட்டாவளா?"

"இல்ல."

"மூத்தவுக யாராவது போய்ச் சொல்லப்படாதா?"

"குவைத் பெரியவரு போனாரு. கேக்கல."

"அவ்வளவு வயசானவுக சொல்லியுமா?"

காவிரிக்காக இங்கே மாநிலங்கள் சண்டை போட்டால் பஸ் நிற்கும். சில நாளில் ஓடும். முறையிட நீதிமன்றம் உண்டு, தேர்தல் உண்டு, திட்டுவதற்குப் பத்திரிகை உண்டு. அங்கே ஆளும் குடும்பத்தின் கோபம் அப்படியே நாட்டின் கொள்கையாகிறது. பிழைக்கப் போனவர்களுக்கு அதில் வாக்கும் இல்லை, வழக்கும் இல்லை.

வேறு யார் மடியிலாவது வைத்துக் குத்திவிடலாமா என்று செல்வி தொலைபேசியில் கேட்டாள். பகவதி கோபித்துக்கொண்டாள்.

"ஏட்டி, அண்ணன் உசுரோட இருக்கையில வேற மடி எதுக்கு?"

இரண்டாவது குளிர்காலத்தில் பகவதி போய்விட்டாள். அண்ணன் தோஹாவிலிருந்தும் தங்கை மனாமாவிலிருந்தும் தில்லிக்கு வந்தார்கள். சண்டை தொடங்கிய பிறகு அவர்கள் நேரில் பார்த்துக்கொண்டது அன்றுதான். கொள்ளி வைத்த முருகேசனுக்கு மொட்டைத் தலை. பேத்தி முதலில் பயந்து ஒதுங்கினாள். நாலாம் நாள் தானாகவே அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அந்தத் தலையைத் தடவி, "பலூன்" என்றாள். பகவதி கேட்ட காட்சி எங்கள் கூடத்திலேயே நடந்துகொண்டிருந்தது. காது மட்டும் மூளியாக இருந்தது.

செல்வி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயில் இங்கனதான இருக்கு. எல்லாரும் இருக்கோம்."

"தீட்டும்மா. ஒரு வருசம் ஆகட்டும்."

"அம்மா ஆசப்பட்டதுதானப்பா."

"அவ போனதாலதான தீட்டு."

முருகேசன் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்து போனான். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் இருவரும் ஒரே டாக்ஸியில் விமான நிலையம் போனார்கள். அங்கிருந்து ஆளுக்கொரு வாசல்.

மறு வருடமும் சண்டை தீரவில்லை. மனாமாவில் ஒரு கிளினிக்கில் மாப்பிள்ளையின் மடியில் வைத்துக் காது குத்தினார்கள். நான் கைபேசியில் பார்த்தேன். திரையின் ஒரு பாதியில் பேத்தி. மறுபாதியில் தோஹாவில் முருகேசன், வேட்டி கட்டி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தான், வெறும் மடியோடு. ஊசி இறங்கிக் குழந்தை வீறிட்டபோது அவன் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன.

பிறகு சமாதானம் ஆயிற்று. தலைவர்கள் தழுவிக்கொண்ட படத்தை, கேட்க ஆளில்லாத வீட்டில் பார்த்தேன். அந்த இரண்டு ஊருக்கும் நேர் விமானம் விட அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. இப்போது பறக்கிறது. இருவருமே என்னைத் தங்களோடு வந்து இருக்கச் சொல்கிறார்கள். ஒருவரிடம் போனால் மறுபடி எப்போது அடைப்பார்களோ என்ற பயம் எனக்கு விடவில்லை. ஊருக்கே போய்விடலாம் என்றால், பாளையங்கோட்டைக்கு அவர்கள் வந்து சேர, விமானத்தை விட்டு இறங்கிய பிறகும் பல மணி நேரம் சாலையில் வர வேண்டும். எனக்கு வீடும் இருந்து, இருவரும் நேராக வந்து இறங்கக்கூடிய ஊர் தில்லி ஒன்றுதான். என் ஊர் என்று ஒருநாளும் நான் சொல்லாத தில்லி.

வண்டிக்காரரிடம் இப்போதெல்லாம் துபாய் நலம் என்றே சொல்லிவிடுகிறேன். வீட்டில் அறைகள் இரண்டு. ஒன்றில் முருகேசனுக்கு விரிப்பு மாற்றி வைத்திருக்கிறேன், மற்றதில் செல்விக்கு. நடுவே கூடத்தில், பகவதி கிடந்த கட்டிலில், நான் படுத்துக்கொள்கிறேன்.