ஆவியக்கா குளத்துக்கு மருந்து தேடிய கதை

ஆவியக்கா என்றதும் பேயோட்டுகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஓர் அறை. ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் கழுவப்பட்டு, துணியில் சுற்றப்பட்டு, ஆவி இயந்திரத்துக்குள் வெந்து, கிருமியில்லாமல் மேல்மாடிக்குப் போகும். பாதி ஆயுளாக அந்த இயந்திரத்தின் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவள் அவள். பெயர் வைத்தது நர்சுகள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இப்போது அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

அந்த அறையில் ஒரே சட்டம்தான். சுத்தம் என்றால் முழுச் சுத்தம், பாதிச் சுத்தம் என்று ஒன்று கிடையாது. சட்டத்தை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் பிழைத்துப் போயிருப்பாள், வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டாள். விருந்தாளிக்கு அவள் டம்ளரைக் கழுவித் தண்ணீர் கொடுப்பதற்குள் வந்தவருக்குத் தாகமே மறந்துவிடும். கணவரோ வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் பெயின்டர். நகக்கண்ணில் மஞ்சள் பெயின்ட் இருக்கும்போதே தட்டில் கை வைக்கிற ஜாதி. இந்த இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் சிரித்துக்கொண்டே காலம் தள்ளினார்கள் என்பதுதான் அக்கம்பக்கத்தாரின் ஆச்சரியம்.

அப்படி இருக்கையில்தான் பெயின்டர் சாரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் நொறுங்கிவிட்டது. ஆபரேஷன் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டும் மனுஷனுக்கு வாய் ஓயவில்லை.

"வீட்டுலயும் நீ அவிச்சதைத்தான் தின்னேன், இங்கயும் நீ அவிச்சதுதானா? விதி!"

அவளும் சிரித்தாள். ஆபரேஷன் முடிந்து சில நாளில் புண் சீழ் பிடித்தது. மறுபடியும் திறந்து கழுவினார்கள். தோலிலிருந்து வந்திருக்கலாம், படுக்கையிலிருந்து வந்திருக்கலாம், யார் கண்டது என்றார் டாக்டர். ஆபரேஷன் அன்று அவள் அனுப்பிய கருவித் தட்டின் சோதனைத் தாள் கறுத்துத்தான் இருந்தது. ஆவி சரியாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்ணால் பார்த்தவள் அவள். இருந்தும் மனம் ஒப்பவில்லை. அதன் பிறகு பெயின்டர் அந்தக் கேலியை வாயெடுத்துச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்கும், அவர் சொல்லாததுதான் அவளை அரித்தது.

புண் நன்றாக மூடிய பிறகு, வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் பெண் காலை மடக்கிப் பார்த்தாள். ஜன்னல் வழியே பின்பக்கம் எட்டிப் பார்த்தவள் முகம் மலர்ந்தாள்.

"வீட்டுலயே நீச்சல் குளத்தை வெச்சுக்கிட்டா கவலைப்படுறீங்க? இடுப்பளவு தண்ணில தினமும் நடக்கட்டும். கால்ல பாரமே தெரியாது, முட்டியும் நல்லா மடங்கும். ஆனா தள்ளிப் போடாதீங்கக்கா. விட்டா இறுகிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

குளம் என்னவோ உண்மைதான். வீட்டை விற்ற வயதான தம்பதி விட்டுப்போனது. நீச்சல் தெரிந்தவர் யாரும் இந்த வீட்டில் இல்லாததால் மழைத் தண்ணீரும் சருகும் ஒரு பழைய சைக்கிளும் அதில் குடியிருந்தன. ஆள் வைத்துக் காலி செய்து, தேய்த்து, வடிகட்டும் மோட்டாரைப் பழுது பார்த்துத் தண்ணீர் நிரப்பியாயிற்று. பாக்கி ஒன்றே ஒன்று. அந்தத் தண்ணீரில் கிருமி சேராமல் இருக்க என்ன செய்வது?

குளத்துச் சாமான் விற்கும் கடைக்காரர் அன்று காலையில் யார் முகத்தில் விழித்தாரோ, பாவம். குளோரின் டப்பாவை எடுத்து முன்னால் வைத்தார்.

"இதுல எல்லாக் கிருமியும் சாகுமா?"

"பெரும்பாலும் செத்துரும்க்கா."

"பெரும்பாலும்னா? மிச்சம்?"

கடைக்காரர் டப்பாவை உள்ளே வைத்துவிட்டு உப்பு இயந்திரத்தைக் காட்டினார். தண்ணீரில் உப்பைக் கரைத்துவிட்டால் போதும், அந்த உப்பிலிருந்து இயந்திரம் தானே குளோரினைச் செய்துகொள்ளும் என்றார்.

"கடைசியில அதே குளோரின்தானா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மிஷினு?"

அப்புறம் புற ஊதா விளக்கு. குழாய் வழியே ஓடும் தண்ணீரில் வெளிச்சம் படும், பட்டதெல்லாம் சாகும், தண்ணீரில் மருந்து எதுவும் தங்காது. அவள் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. இதுவல்லவா முறை! ஆனால் கடைக்காரர் நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியவில்லை.

"இதைப் போட்டாலும் கொஞ்சம் குளோரின் போட்டுத்தான் ஆகணும்க்கா. விளக்கு, குழாய்க்குள்ள வர்ற தண்ணியைத்தான் பார்க்கும். உங்க வீட்டுக்காரர் குளத்துல இறங்கினதும் அவர் உடம்புலேர்ந்து கொஞ்சம் அழுக்கு வருமில்ல, அதை யாரு பார்க்கிறது? தண்ணியிலயே மருந்து ஒண்ணு நிக்கணும். ஓசோன் வாயு விடுற மிஷினுக்கும் இதே கதைதான்."

இங்கேதான் அவளுக்கு இடறியது. அவள் அறையில் சுத்தம் செய்த பொருளைச் சுற்றி மூடி வைப்பார்கள். அதற்குள் யாரும் இறங்கிக் குளிப்பதில்லை. இந்தப் பாழாய்ப்போன குளத்துக்கு மட்டும், சுத்தம் செய்த பிறகு ஆளை இறக்க வேண்டுமாம். அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். கடைசியில் கடைக்காரர் கைகூப்பினார்.

"அக்கா, நீங்க அதுல குளிக்கப் போறீங்களா, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

வெறுங்கையோடு வீடு திரும்பினாள். அதிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இன்று விளக்குதான் என்பாள். மறுநாள் உப்பு இயந்திரம் தேவலை என்பாள். வேலை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றாமல்கூடக் குளத்தைச் சுற்றி வருவாள். குனிந்து முகர்வாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பாள்; பால் பொங்கி வழியும். நினைப்பெல்லாம் அந்த முழங்கால்தான். மூடின தோலுக்குக் கீழே ஏதாவது நுழைந்துவிட்டால்? இந்தத் தடவை காலையே எடுக்கச் சொல்லிவிட்டால்?

தண்ணீர் அவள் முடிவுக்காகக் காத்திருக்குமா? முதலில் கலங்கியது, பிறகு பாசி பிடித்துப் பச்சையானது. தண்ணீரை மாற்றினாள், அதுவும் பச்சையானது. பெயின்டர் ஊன்றுகோலோடு ஜன்னலருகே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள்கூட, என்ன ஆச்சு, எப்போ இறங்கலாம் என்று கேட்கவில்லை. சுவரில் பல்லி ஓடினாலும் விமர்சனம் செய்கிற வாய் அது. அந்த மௌனம் கோபம்தான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள்.

கோடை பாதி கழிந்திருந்தது. அன்று பிசியோதெரபிஸ்ட் பெண் காலை மடக்கி அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"போன தடவையைவிட மடங்குறது குறைஞ்சிருக்கே! இன்னும் தண்ணில இறங்கலயா?"

ஆவியக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பெயின்டர் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எனக்குத் தண்ணின்னா பயம்மா. அவ தினமும் கூப்பிடுறா, நான்தான் மாட்டேங்கிறேன்."

"உசரத்துல தொங்கி வேலை பார்த்தவரு, இடுப்பளவு தண்ணிக்கா பயப்படுறீங்க?" அந்தப் பெண்ணுக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் திட்டு வாங்கிக்கொண்டு, தப்புச் செய்தவர்போல் தலையைக் குனிந்துகொண்டார்.

அவளால் அதற்குமேல் நிற்க முடியவில்லை.

"அவர் சொல்றது பொய்ம்மா. பயம் எனக்கு. என் தட்டுலேர்ந்து போன கத்திதான் அந்தக் காலைக் கெடுத்துச்சோன்னு பயம். இப்போ இந்தத் தண்ணியும் என் கையால போயி…"

பெயின்டர் மெல்லச் சொன்னார். "அது எனக்குத் தெரியாதாடி? அதான் நான் கேக்கல. கேட்டிருந்தா நீ இறக்கி விட்ருப்ப. அப்புறம் ராவும் பகலும் என் காலையே பார்த்துக்கிட்டுத் தூங்காம கிடந்திருப்ப. உனக்குத் தைரியம் வரட்டும்னு இருந்தேன்."

அவர் காத்திருந்தார், முட்டி காத்திருக்கவில்லை. அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம் யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை கடைக்காரர் அவளைக் கண்டதும் உள்ளே ஒளியலாமா என்று யோசித்திருப்பார். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அந்தக் குளோரினையே குடுங்க தம்பி. எவ்வளவு போடணும், எதை வெச்சு அளக்கணும், அதை மட்டும் சொல்லுங்க." அளக்கிற வேலை அவளுக்குக் கைவந்த கலை. சொன்ன அளவைப் போட்டு, சுவரைத் தேய்த்து, மோட்டாரை ஓடவிட்டாள். சில நாளில் பச்சை போய், தண்ணீருக்கு அடியில் தரை தெரிந்தது.

முட்டி முழுதும் திரும்பவில்லை. ஓரளவுக்கு மடங்குகிறது, ஏணி ஏற உதவாது. பெயின்டர் இப்போது சுவரின் கீழ்ப்பாதியை மட்டும் அடிக்கிறார், மேல்பாதிக்கு ஆள் வைத்திருக்கிறார். யார் கேட்டாலும், "எனக்குத் தண்ணின்னா பயம், அதான் லேட்டாயிருச்சு" என்று அதே பொய்யைச் சொல்கிறார். அவள் பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுகிறாள்.

தினமும் காலையில் சோதனைத் தாளைத் தண்ணீரில் முக்கி, நிறத்தைப் பார்த்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகும் அவரை உடனே இறங்க விடுவதில்லை. முதலில் அவள் இறங்குகிறாள். நீச்சல் தெரியாதவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகம்வரை முங்கி எழுந்து, சற்று நேரம் அப்படியே நிற்கிறாள். அதில் எதுவும் மிச்சமிருந்தால் முதலில் தன்னிடம் வரட்டுமாம். கிருமி அப்படி வரிசையில் நின்று வருவதில்லை என்று அவளுக்குத் தெரியாதா? அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? இருந்தும் நிற்கிறாள். அப்புறம்தான் ஈரக் கையை நீட்டி, "வாங்க" என்கிறாள்.