தகப்பனார் பெயர்: இல்லை

நாட்டுப்புறத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தோரு வருஷம் ஒற்றை ஆளாக அறுவை செய்த டாக்டருக்குப் பிள்ளைகள் மூன்று பேர். ஊரார் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. சொந்தப் பிள்ளைகள் எத்தனாவது படிக்கிறார்கள் என்று கேட்டால் மட்டும் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் கழித்து, கடைக்குட்டி மகள் குடும்ப வரலாறு எழுத உட்கார்ந்தாள். அப்பா கடிதம் எழுதியவரில்லை, டைரி வைத்தவரில்லை. எழுதியதெல்லாம் ஆபரேஷன் ரெஜிஸ்டரில்தான். ஆகவே ஆஸ்பத்திரியின் பழைய ரெக்கார்டு அறைக்கு, சின்ன அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனாள். அண்ணன் ஒன்பது வயதில் குடல்வால் வெடித்து, அப்பா கையால் பிழைத்தவர். அந்தப் பக்கத்தைப் பார்க்க அவருக்கும் ஆசை.

பக்கம் கிடைத்தது. அப்பாவின் கையெழுத்தேதான். பெயர், வயது, நோய் எல்லாம் சரி. 'தகப்பனார் பெயர்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது.

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். கண்ணாடி மேல் குற்றமில்லை.

சின்ன வயதில் மூத்தவன் இவரைச் சீண்டுவது எப்போதும் ஒரே மாதிரிதான்: "உன்னை ஆஸ்பத்திரி வராந்தாவுலதான்டா எடுத்தோம்!" எல்லா வீட்டிலும் யாரோ ஒருத்தருக்கு இந்தப் பட்டம் உண்டு. ஆனால் இந்த வீட்டுக்கு ஆஸ்பத்திரியும் இருந்தது, வராந்தாவும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அந்த மனிதர் எழுத்துபூர்வமாக அநாதையானார்.

"விளையாட்டுக்குச் சொன்னான்னுல்ல நினைச்சேன்," என்றார் தங்கையிடம்.

அன்று ஆபரேஷன் தியேட்டரில் அப்பாவோடு நின்ற நர்சம்மா அடுத்த தெருவில்தான் இருந்தார். காது மந்தம், ஞாபகம் படு கூர்மை.

"வாடா குடல்வால்!" என்றுதான் வரவேற்றார்.

விஷயத்தை இருவரும் கத்திச் சொன்னார்கள்.

"ஓ, அதுவா? சொந்தப் பிள்ளை மேல கத்தி வைக்கக் கூடாதுன்னு டாக்டருங்களுக்குள்ள ஒரு வழக்கம். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போற பாலம் வெள்ளத்துல போயிடுச்சு. வேற டாக்டருக்கு எங்க போறது? உன்னைப் படுக்க வெச்சாச்சு, உங்கப்பாவுக்குக் கை நடுங்குது. ஓரமா இருந்த ரெஜிஸ்டரை எடுத்து எழுதினார். 'இப்போ இவன் யாரோ பெத்த பிள்ளை, சிஸ்டர்'னார். மறுபடி கை கழுவிட்டு வந்தார். அப்புறம் நடுங்கல."

விதியை மீறுவதற்கு ஒரு கட்டம் போதும் என்று கண்டுபிடித்தவர் வேறெந்த அலுவலகத்திலும் வேலை பார்க்காமல் போனது ஆச்சரியம்தான்.

"அப்புறமாவது திருத்தியிருக்கலாமே?" என்றாள் தங்கை.

"முடிஞ்ச கையோட பிரசவக் கேஸ் ஒண்ணு வந்துடுச்சு. அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு. மறந்துட்டார் மனுஷன்."

"அழுதாரா?" என்று அண்ணன் கேட்டார்.

"அழ எங்கப்பா நேரம்? குழாயடியில கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்."

அண்ணன் தங்கையின் மடியிலிருந்த குடும்ப வரலாற்று நோட்டைத் தொட்டார்.

"எழுதும்மா. மூணு பிள்ளைங்க. நான் ரெண்டாவது. பெரியவனுக்கு மேல போட்டுடாத, சண்டைக்கு வருவான்."

அவள் பென்சிலை எடுத்தாள்.

"பேனாவுல எழுது," என்றார். எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார்.