பிரான்சு மாத்திரை

பாரிசுக்கு வெளியே நான் இருக்கும் ஊரில், டாக்டர் கொடுத்த ஓர்தொனான்சில், அதாவது மருந்துச் சீட்டில், சர்க்கரை மாத்திரைக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. மருந்துக்கடைப் பெண்ணிடம் நீட்டி, "இதையும் கொடும்மா" என்றேன். சிரித்துவிட்டாள். "இது எங்களிடம் கிடைக்காது மிசியே. தினம் முக்கால் மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார்." நடையைச் சீட்டில் எழுதும் தேசம்! ஆரஞ்சுப் படம் போட்ட ஆன்டிஆக்சிடன்ட் குப்பியைக் காட்டி, "நடக்காமல் இதைத் தின்றால் போதாதா?" என்றேன். "பழம் சாப்பிடுங்கள், நடங்கள்" என்றாள். வியாபாரம் தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டு நான்கு குப்பி வாங்கினேன். எனக்கல்ல, ஊரில் சாரம் பகுதியில் இருக்கும் தம்பி செல்வத்துக்கு.

பிரான்சிலிருந்து வந்தவன் பெட்டியைத் திறந்தால் வீடே சுற்றி உட்காரும், உங்களுக்குத் தெரியாததா? முன்பெல்லாம் சென்ட்டு, சாக்லேட்டு. ஆளாளுக்குச் சர்க்கரை வந்த பிறகு சத்து மாத்திரை. மில் மூடியதும் வாட்ச்மேன் வேலைக்குப் போன செல்வம், நாற்காலியிலேயே பொழுதைக் கழிப்பவன், குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னாண்ணே எழுதியிருக்கு?"

"உடம்புல இருக்கற செல்லையெல்லாம் காப்பாத்துமாம்டா."

லேபிளில் இருந்ததற்கு மேல் ஒரு பிடி நானே போட்டேன். அவன் மனைவி கலா, "டாக்டர் நடக்கச் சொல்றாரு மாமா, இவரு கேக்கவே மாட்டறாரு" என்றாள். "அதான் பிரான்சு பாத்துக்குமேடி!" என்றான். எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம். உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். அரசு ஆஸ்பத்திரியில் காகித உறையில் போட்டுக் கொடுத்த சர்க்கரை மாத்திரை அலமாரி மேல் கிடந்தது. என் குப்பி சாமி படத்துக்குப் பக்கத்தில் நின்றது. நான்கு வருஷம், ஊருக்குப் போகிறவரிடமெல்லாம் கொடுத்தனுப்பினேன்.

இப்போது அவனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சேதி கேட்டு ஊருக்கு வந்தேன். "மாத்திரையையும் உட்டுட்டு, நடக்காமயும் இருந்தா கிட்னி என்னாத்துக்கு ஆவும்? எவன் குடுத்தான் இந்தக் குப்பிய?" என்றார் டாக்டர். "எங்கண்ணன் சார், பிரான்சுலேர்ந்து" என்றான் செல்வம். அப்போதும் அவன் குரலில் பெருமை. கலா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கிட்னியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "உங்களுக்கும் சர்க்கரை, ஆவாது" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதையும் வேண்டாமென்று சூரியனே சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விமானம். நேற்று அவன் ரத்தம் மெஷினுக்குள் சுற்றிக்கொண்டிருந்தபோது, என் கால்கள், சீட்டில் எழுதியபடி தினமும் நடந்த பழக்கதோஷத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கத் தொடங்கின. ஒரு கோடியில் வெளிவாசல். மறுகோடியில், கண்ணாடிக்குள்ளே, வீங்கிய இரண்டு பாதங்கள். என்னைப் பார்த்துவிட்டு, "நிக்காதண்ணே, நட" என்று கையசைத்தான். நின்றால் எந்தக் கோடியில் நிற்பது என்று தெரியாமல், நடந்துகொண்டே இருந்தேன்.