கூடவே போகும் வண்டி

ஆட்டம் தொடங்கும்போது நம் கையில் ஒரு சின்ன ஊர் இருக்கும். ஊரில் நாலைந்து குடிகள். புதிதாக ஆடுகிறவன் செய்யும் முதல் தப்பு, அவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அவர்களை உடனே பிரிக்க வேண்டும். சிலரை வயலுக்கு, சிலரை மரம் வெட்ட. தானியம் சேர்ந்தால் இன்னொரு ஆள் கிடைப்பான். அவனையும் வயலுக்கு அனுப்ப வேண்டும். படையெல்லாம் அப்புறம்தான். இரண்டாவது ஊரைச் சீக்கிரம் கட்ட வேண்டும், அதுவும் முதல் ஊருக்குப் பக்கத்திலேயே. ஊர் கூடினால் எல்லைக்கோடு தானாகத் தள்ளிப் போகும்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டர் ஆட்டம், திருட்டு சிடியில் வந்தது. திரையில் ஓடும் இங்கிலீஷை அண்ணனும் நானும் எழுத்துக் கூட்டித்தான் படிப்போம், அர்த்தம் தெரியாது. நான் எட்டாவதில் பள்ளிக்கூடத்தை விட்டவன், அதுவும் மலையாளப் பள்ளி. தமிழ் எழுத்தே எனக்குத் திருப்பூர் பஸ் போர்டுகளில் இருந்து வந்ததுதான். தோற்றுத் தோற்று ஆட்டத்தைக் கற்றோம்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் அந்தக் கம்ப்யூட்டர் கடை இருந்தது. கீழே மூட்டை இறக்கும்போதெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் காரம் ஏறி வரும். ஆடுகிறவர்கள் வரிசையாகத் தும்முவார்கள். கடைக்காரரை எல்லோரும் இக்கா என்பார்கள். கம்ப்யூட்டரோடு ஒரு போன் பூத்தும் வைத்திருந்தார். எங்கள் தெருவில் போன் இல்லாத வீடுகளுக்கு வெளிநாட்டுக் கால் எல்லாம் அங்கேதான் வரும்.

ரெண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. மங்களூர் ஓட்டலில் பாத்திரம் கழுவி, திருப்பூர் பனியன் கம்பெனியில் நூல் பொறுக்கி, லாரியில் கிளீனராக ஓடி, ஒவ்வொரு இடத்திலும் சலித்துப் போய் நான் வீட்டுக்கு வந்திருந்தேன். எப்போதும் அப்படித்தான் வருவேன், சில மாதம் இருப்பேன், போய்விடுவேன். அண்ணன் களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டருக்கு உதவியாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவனுக்கு லீவு. அன்றைக்கு ஒரு மணி நேரம் ஒரு கம்ப்யூட்டரை எடுப்போம். இரண்டு எடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே ஆட்டத்தை இரண்டு பேரும் சேர்ந்து ஆடினோம். கீபோர்டு அவனிடம், மௌஸ் என்னிடம். அவன் இடப்பக்கம் உட்கார்ந்து வீட்டைப் பார்ப்பான். வயல், மரம், ஆள், ஊர் எல்லாம் அவன் பொறுப்பு. நான் வெளியே போவேன். வேவுக்காரனை அனுப்புவது, படையை நடத்துவது என் வேலை. நடுவில் அவனுக்கு மௌஸ் வேண்டுமென்றால் என் கையின் மேல் தன் கையை வைத்துத் தள்ளுவான். ஒரே நாற்காலியில் உட்கார நீங்கள் என்ன கட்டிக்கொண்டு வந்தவர்களா என்று இக்கா மலையாளத்தில் கேட்பார். கடை முழுக்கச் சிரிக்கும்.

வீட்டில் நாங்கள் தோற்றதே இல்லை. அண்ணன் ஓர் ஆளைக்கூடச் சும்மா நிற்க விடமாட்டான். தோற்றதெல்லாம் வெளியேதான். எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினதும் என் ஆட்களின் தலைக்கு மேல் இருக்கும் பச்சைக் கோடு குறைய ஆரம்பிக்கும். யாரும் அடிக்க வேண்டாம். சும்மா நின்றாலே தேய்வார்கள். கோட்டை வாசலுக்குப் போய்ச் சேரும்போது பாதிப் பேர் விழுந்திருப்பார்கள்.

"வெளியூர்த் தண்ணி ஒத்துக்கல போலடா," என்பான் அண்ணன்.

நான் வேகமாக ஓட வைத்துப் பார்த்தேன். சுற்றுவழியில் கொண்டு போய்ப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. கல் எறியும் எந்திரம் செய்யும் பட்டறையில் ஒரு கூண்டு வண்டியின் படமும் இருக்கும். அது வியாபாரி வண்டி என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பஜார் ரோட்டில் பிறந்தவர்களுக்கு வண்டி என்றால் சரக்கு, சரக்கு என்றால் வியாபாரம். ஒருமுறை ஒன்றைச் செய்து சந்தைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, பொன் வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. தண்டம் என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னான். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நாங்கள் தொடவில்லை.

அம்மா நகரசபைக்குத் தெருக் கூட்டுகிறவள். யூதர் தெருவான ஜூ டவுனில் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கும் முன்பே கூட்டி முடித்துவிட வேண்டும். அப்பா நாங்கள் சின்னவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அப்படி எங்கேதான் போகிறீர்கள் என்று அவள் ஒருநாள் கேட்டாள். நாடு கட்டுகிறோம் என்றேன்.

"நாட்ட அப்புறம் கட்டலாம். அடுப்பு மேல ஒழுகுது, மொதல்ல அந்த ஓட்ட மாத்து," என்றாள்.

அண்ணன் மாற்றினான். நான் கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம்தான் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. முதலில் நின்று நின்று வேலை செய்வதால் என்று நினைத்தோம். பிறகு முகமும் வீங்கியது. எறணாகுளம் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் கொண்டு வந்து ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், அப்படிச் செய்தால் ஓடும் என்றார்கள். எவ்வளவு நாள் ஓடும் என்று அண்ணன் கேட்டதற்கு, ஒரு நாளும் தவறாமல் கொண்டு வாருங்கள் என்றார்கள். அதே சமயத்தில் களமசேரித் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள். அண்ணன் சில மாதம் கூலிக்குப் போனான். பிறகு ஒரு ஏஜெண்ட் மூலம் வளைகுடாவில் சாரம் கட்டும் வேலை வந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். அதற்கு நடுவில் வர முடியாது.

போவதற்கு முந்தின ஞாயிறு கடைக்குப் போனோம். நான் வழக்கம்போல மௌஸ் பக்கம் உட்காரப் போனேன். அவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான்.

"இன்னிக்கு நான் வெளிய போறேன். நீ வீட்டப் பாரு."

பார்த்தேன். படுமோசமாகப் பார்த்தேன். வயலுக்கு ஆள் அனுப்ப மறந்தேன். மரம் தீர்ந்தது தெரியாமல் வீடு கட்டச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு ஊர் நடுவில் நின்றார்கள். அவனுக்கு வெளியே போகவும் தெரியவில்லை. வேவுக்காரனை அனுப்பிவிட்டு அவன் எங்கே போனான் என்று தேடிக்கொண்டிருந்தான். நேரம் முடிவதற்குள் கரண்ட் போயிற்று. சாயங்காலம் அரை மணி நேரம் நிறுத்துவார்கள். இருட்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சொன்னான்.

"நான் வர்ற வரைக்கும் அம்மா இருக்கணும்டா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நீ எங்கயும் போயிராத."

"போக மாட்டேண்ணே," என்றேன்.

போகவில்லை. என் வாழ்க்கையில் நான் ஓரிடத்தில் இருந்தது அந்தக் காலம்தான். ஆஸ்பத்திரி நாளில் அம்மாவை மட்டாஞ்சேரி படகுத் துறை வரை ஆட்டோவில் கொண்டு போவேன், அங்கிருந்து போட். போட்டில் ஏற்றும்போது கை கொடுத்தால் தட்டிவிடுவாள். திரும்பி வரும்போது அவளே என் கையைத் தேடுவாள். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். உப்பு கூடாது, பழம் கூடாது. நான் சமைத்ததை ஒரு வாய் வைத்துவிட்டு, "மங்களூர் ஓட்டல்ல உன்ன ஏன் பாத்திரம் கழுவ விட்டாங்கன்னு இப்பத் தெரியுது," என்றாள். போகப் போகக் கை பழகியது. சோறு வைத்துவிட்டுத் துணி ஊறப்போடுவது, துணி ஊறும்போது மருந்துக்குப் போவது. ஒரு வேலை நடக்கும்போது அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும் என்பது புரிந்தது. மற்ற நேரத்தில் இக்கா கடைக்குக் கீழே இருந்த சுக்குக் கிடங்கில் மூட்டை தைத்தேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணன் இக்கா கடைக்குப் போன் செய்வான். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அம்மா நடக்குதா?" ஆம் என்றால் அவன் குரலில் பதற்றம் இறங்கும். பிறகு நான் அவனைப் பற்றிக் கேட்பேன். நல்லாத்தான் இருக்கேன் என்பான். சாப்பாடு என்றால் சாப்பாடு இருக்கு என்பான். அவனோடு யார் இருக்கிறார்கள் என்றால், நிறையப் பேர் இருக்காங்க, ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குப் புரியாது என்று சிரிப்பான்.

போனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் இக்கா சும்மா கிடக்கும் கம்ப்யூட்டரில் என்னை ஆட விடுவார். தனியாக இரண்டு கையாலும் ஆட வேண்டியிருந்தது. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறையில் தவறுதலாக அந்தக் கூண்டு வண்டியைச் செய்துவிட்டேன். மொத்தப் படையையும் சேர்த்து நகர்த்தியபோது அதுவும் பின்னால் உருண்டு போனது. எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். பச்சைக் கோடு குறையவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே நிறுத்திப் பார்த்தேன். வண்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் முழுசாக இருந்தார்கள். தள்ளி நின்ற இரண்டு பேர் மட்டும் தேய்ந்தார்கள். அவர்களையும் பக்கத்தில் கொண்டு வந்தேன். நின்றுவிட்டது.

இதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். போன் வந்ததும், அன்றைக்கு அம்மாவால் படி ஏற முடியவில்லை என்பதைச் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது. அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரமும் ஆட்டத்தைப் பற்றிப் பேசும் நிலைமை இல்லை.

கர்க்கடக மாதத்தில், அதாவது ஆடியில், மழை விடாமல் பெய்தது. போட் ஓடவில்லை. பஸ்ஸில் சுற்றிக் கொண்டு போனேன். ஒரு முறைகூடத் தவறவிடவில்லை. கடைசி நாளும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பெஞ்சில் எங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். குளிர்கிறது என்றாள், என் சட்டையைக் கழற்றிப் போர்த்தினேன். "அவன் கேட்டா நான் நடந்துதான் வந்தேன்னு சொல்லு," என்றாள். பிறகு என் தோளில் சாய்ந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். நர்ஸ் வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை.

அண்ணனைக் கூப்பிட எனக்கு நம்பர் கிடையாது. அவன்தான் கூப்பிட வேண்டும். தெருக்காரர்கள் கூடவே வந்தார்கள், அம்மாவோடு கூட்டுகிற பெண்கள் எல்லோரும் வந்தார்கள். எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை இக்கா கடையில் உட்கார்ந்திருந்தேன். இக்கா அன்றைக்குக் கம்ப்யூட்டர் பக்கம் யாரையும் சத்தம் போட விடவில்லை. மணி அடித்தது. எடுத்தேன்.

"அம்மா நடக்குதா?"

சொன்னேன். அந்தப் பக்கம் ஏதோ எந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. "கூட யாரு இருந்தா?" என்றான்.

"நான் இருந்தேன்."

"செரி," என்றான். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றான். அதற்குள் லைன் போய்விட்டது.

பாஸ்போர்ட் கம்பெனிக்காரனிடம் இருந்தது, அண்ணனால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு போன் எப்போதாவதுதான் வந்தது. முதல் கேள்வி இல்லாமல் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஊரை விட்டுப் போகலாம் என்று பலமுறை தோன்றியது. அம்மா இல்லை, யாருக்காக இருக்க வேண்டும். ஆனால் எங்கயும் போயிராத என்று சொன்னவன் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தேன்.

ஒப்பந்தம் முடிந்து அவன் வந்தபோது நெடும்பாசேரி ஏர்போர்ட்டில் என் எதிரிலேயே வந்து நின்றிருக்கிறான். நான் அவனைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்து, முன்தலை நரைத்திருந்தான். உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றும் இல்லை என்றான். காய்ச்சல், அடி எதுவும் இல்லை, சும்மா இருக்கும்போதே இப்படி ஆயிட்டேன் என்றான். வீட்டுக்கு வந்து அடுப்புக்கு மேலே இருந்த ஓட்டை அண்ணாந்து பார்த்தான். ஒழுகுதா என்று கேட்டான். இல்லை என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்தான் கூப்பிட்டேன். இக்கா அவனைக் கட்டிப் பிடித்துவிட்டு, எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்தவனை எழுப்பி விட்டார். அண்ணன் யோசிக்காமல் இடப்பக்கம் உட்கார்ந்தான். கீபோர்டில் அவன் விரல்கள் எதையும் மறக்கவில்லை. வயல் வந்தது, இரண்டாவது ஊர் வந்தது, ஒருவனும் சும்மா நிற்கவில்லை. படை சேர்ந்ததும் பட்டறையில் அந்தக் கூண்டு வண்டியைச் செய்யச் சொன்னேன்.

"அது தண்டம்டா."

"செய்யேன்."

செய்தான். வண்டியைப் படையோடு சேர்த்து எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனேன். அவன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு போய்ப் பச்சைக் கோடுகளைப் பார்த்தான். எதுவும் குறையவில்லை. வண்டி கூடவே இருந்தால் ஆட்கள் தேய மாட்டார்கள் என்று சொன்னேன்.

"இது முன்னாடியே இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணே. நாமதான் வியாபாரி வண்டின்னு நெனச்சோம்."

கீழே மூட்டை இறக்கினார்கள், சுக்குக் காரம் ஏறி வந்தது, யாரோ தும்மினார்கள். எதிரியின் கோட்டை பக்கத்தில்தான் இருந்தது. காவலுக்கும் ஆள் அதிகம் இல்லை. இப்போது போனால் முதல்முறையாக ஜெயித்துவிடலாம். அடிக்கட்டுமா என்று கேட்டேன். அவன் தன் கையை என் கையின் மேல் வைத்து மௌஸை அசையாமல் பிடித்துக்கொண்டான்.

"அடிக்க வேண்டாம். அங்கயே நிக்கட்டும்."

இக்கா வந்து நேரம் முடிந்தது என்று சொல்லும் வரை அவர்கள் வண்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.