பத்திலிருந்து இருபத்தொன்றுக்கு

நாற்பத்தாறு வயதில் ஓட ஆரம்பித்தவன் நான். பெரியபட்டினத்துக்காரன். சவூதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் பல வருடம் பெட்டி அடுக்கிவிட்டு, சர்க்கரை நோயோடு ஊர் திரும்பினேன். இப்போது ராமநாதபுரத்தில் மச்சானுடைய ஹார்டுவேர் கடையில் நிற்கிறேன். டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒருநாள் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் வீடு சேர ஓடினேன். மறுநாள் மழை இல்லாமலே கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தேன். அவ்வளவுதான் என் ஓட்டத்தின் தொடக்கம்.

ஒரு வருடத்தில் ஐந்து கிலோமீட்டர் பழகி, பிறகு பத்துக்கு வந்தேன். ராமநாதபுரத்தில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தைச் சிரித்த முகத்தோடு முடித்தேன். போட்டோவில்கூட சிரிக்கிறேன். வினை அங்கேதான் வந்தது. மண்டபத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் என்று செய்தி வந்ததும், மகளிடம் போனைக் கொடுத்துப் பெயரைப் பதியச் சொல்லிவிட்டேன்.

"பத்துல ஒங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?" என்று மனைவி கேட்டாள்.

"முடிச்சப்ப இன்னும் கொஞ்சம் ஓடலாம் போல இருந்துச்சு."

"சாப்பிட்டு எந்திரிக்கிறப்ப இன்னொரு தோசை திங்கலாம் போலத்தான் இருக்கும். தின்னு பாத்தா தெரியும்."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது அடுத்த மூன்று மாதத்தில் தெரிந்தது. பத்து கிலோமீட்டர் வரைக்கும் ஓட்டம் என் நாளுக்குள் ஒரு சின்ன வேலையாக இருந்தது. அதற்கு மேல் போனதும் நாள் முழுவதையும் அது எடுத்துக்கொண்டது. வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால், நான் திரும்புவதற்குள் வெயில் முதுகில் ஏறியிருக்கும். தொடை இரண்டும் உரசிப் புண்ணாகி, குளிக்கும்போது தண்ணீர் பட்டால் உயிர் போகும். வலது கால் பெருவிரல் நகம் கறுத்தது. கடையில் ஒருவர் அரை இஞ்ச் பைப் எல்போ கேட்டால் முக்கால் இஞ்சை எடுத்து வைப்பேன். மத்தியானம் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். "ஒடம்ப நல்லாக்கத்தான ஓடுறீக, இப்படி நோயாளியா வந்து நிக்கிறீக" என்பார் மச்சான்.

சர்க்கரை இறங்கி நான் எங்காவது விழுந்து கிடப்பேன் என்று மனைவிக்குப் பயம். அதனால் நீண்ட ஓட்டத்துக்கு அவளும் ஸ்கூட்டியில் பின்னால் வருவாள். தண்ணீர் பாட்டிலும் பேரீச்சம்பழமும் சீட்டுக்கு அடியில் இருக்கும். கொஞ்ச தூரம் முன்னால் போய், ஒரு கருவேலமர நிழலில் வண்டியை நிறுத்தி, போனில் தங்கச்சியோடு பேசிக்கொண்டிருப்பாள். நான் போய்ச் சேர்ந்ததும் பேச்சை நிறுத்தாமலே பாட்டிலை நீட்டுவாள். நாய்களை விரட்டுவதும் அவள்தான்.

பதினெட்டு கிலோமீட்டர் ஓட நினைத்த அன்று, பதினாலில் கால் நின்றுவிட்டது. மூச்சு வாங்கவில்லை, வலியும் பெரிதாக இல்லை. கால் வேறு யாருடையதோ போலிருந்தது. ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன். அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

"ஏறுங்க."

"கொஞ்சம் இருந்துட்டு ஓடுறேன்."

"யாருக்கு ஓடுறீக? இங்கன யாரு பாக்குறா?"

ஏறிக்கொண்டேன். வீடு வரைக்கும் எனக்கு வெட்கப்படக்கூடத் தெம்பு இல்லை.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்து வரிசையில் நின்றேன். மனைவியும் மகளும் பஸ்ஸில் முன்னாலேயே ராமேஸ்வரம் போய்விட்டார்கள். இருட்டு பிரிவதற்கு முன் எங்களை ஓட விட்டார்கள். பாம்பன் பாலத்தில் ஏறியபோது வெளுத்தது. இரண்டு பக்கமும் கடல், கீழே விசைப்படகுகள், பக்கத்தில் ரயில் பாலம். எல்லோரும் நின்று செல்ஃபி எடுத்தார்கள். நான் நிற்கவில்லை. நின்றால் மறுபடி கிளம்ப முடியாது என்று பயம். வாடைக்காற்று இடது பக்கமிருந்து தள்ளியது. நேராக ஓடுவதற்கே பாதித் தெம்பு போய்விட்டது.

தங்கச்சிமடத்தில் பாதி தூரம் தாண்டியது. சர்ச்சில் ஞாயிறு பூசைக்குப் போகிறவர்கள் நல்ல உடுப்பில் ரோட்டைக் கடக்கக் காத்து நின்றார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மா, "பாவம், இவரு ரொம்ப பின்னாடி வாராரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உண்மைதான். என் முன்னால் கண்ணுக்கு எட்டிய தூரம் யாருமில்லை. பின்னால் ஒருவர் இருவர்.

அதற்கப்புறம் வந்த தூரம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வெயில், தார், கோயிலுக்குப் போகிற சுற்றுலா வண்டிகளின் ஹாரன். ஓட்டம் நடையானது, நடை இழுவையானது. சட்டைப் பையில் வைத்திருந்த பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் மெல்வதே பெரிய வேலையாக இருந்தது. பதினைந்து தாண்டிய இடத்தில் ஒரு தென்னந்தோப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போதும் என்று தோன்றியது. மனசுக்குள் பெரிய போராட்டமெல்லாம் இல்லை. தூக்கம் வருவது மாதிரி, போதும் என்பதும் தானாக வந்தது.

முடியாதவர்களை ஏற்றிக்கொள்ள ஒரு வேன் கடைசியில் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அது வருவதைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை. கையைக் காட்டினேன். வேன் நின்றது. உள்ளே ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். வாட்டசாட்டமான ஒரு இளவட்டம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "எடம் இல்லண்ணே. இவகளை எறக்கி விட்டுட்டுத் திரும்பி வாரேன்."

"நின்னுக்கிட்டு வாரேனே?"

"நிக்கவும் எடம் இல்லண்ணே. இங்கன வெயில்ல நிக்காதீக, மயக்கம் வரும். மெதுவா நடந்துக்கிட்டு இருங்க, வழியில ஏத்திக்கிறேன்."

வேன் போய்விட்டது. எனக்கு அழுகை வரப் பார்த்தது. தோல்வியால் வந்த அழுகை இல்லை, உட்கார இடம் கிடைக்காத அழுகை. தோப்பு நிழல் வேலிக்கு உள்ளேயே இருந்ததால் நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அந்த வேன் திரும்பி வருகிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளை நிறத்தில் எந்த வண்டி வந்தாலும் கை தானாக உயரும். ஒரு பால் வண்டிக்குக்கூடக் கை காட்டினேன்.

வேன் வந்து சேர்ந்தபோது ராமேஸ்வரத்துக் கடைகள் தெரிய ஆரம்பித்துவிட்டன.

"ஏறுங்கண்ணே, இப்ப காலியாத்தான் இருக்கு."

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"இந்தா, ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்."

காலி சீட்டுகளைப் பார்த்தேன். ஏறுவதற்குப் படியில் காலைத் தூக்க வேண்டும். அதைவிட நடப்பது சுலபமாகத் தெரிந்தது. "நீங்க போங்க தம்பி" என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது நேரம் காட்டும் கடிகாரத்தை அணைத்துவிட்டார்கள். பந்தல் துணியை ஒருவர் அவிழ்த்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் ஒரு பெண் ஓடிவந்து கழுத்தில் பதக்கத்தைப் போட்டாள். மகள் போனில் படம் எடுத்தாள். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். திட்ட ஆயத்தமாக இருந்தவள் கீழே குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்தாள். பொது இடத்தில் அவள் அப்படிச் செய்தது எனக்குக் கூச்சமாக இருந்தது. தடுக்கக் குனிய முடியவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்கல. அலுப்பா இருக்கு."

"வேன்ல வருவீகன்னுதான் நெனச்சேன்."

"எடம் இல்லைன்னுட்டாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஊரில் பார்த்தவர்கள் எல்லாம் கை கொடுத்தார்கள். விடாமுயற்சி என்றார் ஒருவர். வேனில் இடமில்லாமல்தான் முடித்தேன் என்று உள்ளதைச் சொன்னால், தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் திருத்துவதை விட்டுவிட்டேன்.

ஓடி முடித்த அன்று சாயங்காலம் மஃரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல் போனபோது முட்டி மடங்கவில்லை. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது என்று தெரிந்தது. கடைசி வரிசையில் வயதானவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக அப்படித் தொழுதேன். தொழுகை முடிந்ததும் பக்கத்து நாற்காலிப் பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, முட்டித் தேய்மானமா?"

"இல்ல காக்கா, ஓடுனேன். மண்டபத்துல இருந்து ராமேஸ்வரம் வரைக்கும்."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "ஏன், பஸ் ஓடலயா?"

ஓடுகிறது காக்கா என்று சொல்லிவிட்டு, எழுந்திருக்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.