சக்கரம் சுத்துதா பாரு

பாறையேற்றம்தான் என் பிழைப்பு. போன வாரம் பெங்களூரில் போட்டி. செயற்கைச் சுவருக்குப் பின்னால் என் முறைக்குக் காத்திருந்தபோது, எனக்கு முன்னால் ஏறிய பெண் மெத்தையில் விழுந்தாள். தொம்மென்று தரை அதிர்ந்தது. என் கண் தானாக மேலே சக்கரத்தைத் தேடியது.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை உண்டு. சின்ன வயதில் நான் அதில் ஏறினால் அம்மா விளக்குமாற்றோடு கீழே நிற்பாள். "பொட்டப்புள்ளைக்குப் பாறை மேல இன்னாடி வேல?"

ஒரு மத்தியானம் சுரங்கத்துக்குள் பாறை வெடித்து, வீட்டில் பாத்திரமெல்லாம் உருண்டு விழுந்தது. அப்பா ஷிஃப்டில் இருந்தார். பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்கு ஓடினார்கள். அம்மா என்னைப் பாறைக்கு இழுத்துப் போனாள்.

"உச்சிக்கு ஏறுடி! சக்கரம் சுத்துதா பாரு!"

ஷாஃப்டின் மேலிருக்கும் சக்கரம் சுற்றினால், ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓடுகிறது, ஆட்கள் மேலே வருகிறார்கள் என்று அர்த்தம். முழங்கால் தேய ஏறினேன்.

"சுத்துதும்மா!"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப மெதுவா எறங்கி வா. உங்கப்பாவுக்கு வெந்நி வெக்கணும்."

அப்பா நடந்தே வீடு வந்து சேர்ந்தார். அதற்கப்புறம் அம்மா விளக்குமாற்றை எடுக்கவேயில்லை.

போட்டி முடிந்ததும் போன் பண்ணினேன். ஜெயித்தேனா என்று அம்மா எப்போதும் கேட்கமாட்டாள்.

"உச்சிக்குப் போனியா? இன்னா தெரிஞ்சுது?"

தெரிந்தது தகரக் கூரைதான். மைன் மூடி, அந்தச் சக்கரம் நின்று எத்தனையோ வருஷமாகிறது.

"சக்கரம் சுத்துதும்மா."

அம்மா சிரித்தாள். "அப்ப வெந்நி வெக்கறேன், வா."